விறகுக்கு எந்தச் செயின்சோ? வன்னி மரங்களை அரிய வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 இன் கடைசியில் சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு தொடங்கியது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. விறகை விட்டு விலகியிருந்த குசினிகளும் அந்த இரண்டு ஆண்டுகளில் மறுபடி விறகுக்குத் திரும்பின. விலகாமலே இருந்த வீடுகள் வன்னியில் இன்னும் கூடுதல். கோடாலி பிடிக்கக்கூடிய கைகள்தான் குறைந்துவிட்டன. இளைஞர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு வயது போய்விட்டது, அல்லது போரில் கையோ காலோ பாதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒரு மெசின் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது.

இந்தக் கட்டுரைக்காகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மெசின் திருத்தும் கடைக்காரர்களோடும், கூலிக்கு மரம் அரிபவர்களோடும் கதைத்தேன். இணையத்தில் செயின்சோ பற்றிய தகவல்களுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மரங்களை அரிபவர்களுக்காக எழுதப்பட்டவை. எமது மரங்கள் வேறு, அந்த மரங்களுக்குள் இருப்பதும் வேறு. சொந்தக் காணியில் விழுந்த, பட்ட, அல்லது கிளை வெட்டிய மரத்தை அடுப்புக்கு அரியப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தளபாட மரம் அறுப்பவர்களின் தேவை வேறு.

வாங்கத்தான் வேண்டுமா?

அடுப்புக்கு வேண்டியதில் பெரும் பங்குக்கு வாளே தேவையில்லை. பனைமட்டை, ஊமல், கொக்கறை, தென்னம்பாளை, பொச்சு, சிரட்டை எல்லாம் பொறுக்கி எடுப்பவை. வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைத் தடிகளைக் கத்தியாலும் கைவாளாலும் வெட்டிவிடலாம். வெட்ட வெட்ட அது மறுபடி துளிர்க்கும். மணிக்கட்டுப் பருமனுக்கு உட்பட்ட தடிகள்தான் உங்கள் விறகு என்றால் ஒரு நல்ல கைவாளும் ஒரு கோடாலியும் போதும்.

செயின்சோ உதவுவது தொடைப் பருமனுக்கு மேற்பட்ட குற்றிகளுக்குத்தான். ஆண்டில் எத்தனை நாள் அப்படிக் குற்றி அரிவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் மட்டுமே என்றால், மெசினோடு வந்து மணித்தியாலக் கணக்கில் அரிந்து கொடுப்பவரைக் கூப்பிடுவது மலிவு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும், மெசின் தூக்க வலு இல்லாதவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே சரியான வழி. ஒரே நாளில் அரிந்து, பிளந்து, மழைக்கு முன் அடுக்கிவிட்டால் அந்த ஆண்டு போய்விடும்.

நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்குவதும் நடக்கிறது. அப்படிச் செய்தால் மெசினைப் பராமரிக்கும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள். பலர் மாறி மாறிப் பெற்றோல் கலந்த மெசின் நீடிக்காது என்பதைத் திருத்தும் கடைகள் எல்லாவற்றிலும் சொன்னார்கள்.

நடுத்தர மெசின் என்றால் எது?

செயின்சோவின் பலத்தைப் பொதுவாக இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டு, அதாவது சிசி கணக்கில், சொல்வார்கள். 30 முதல் 40 சிசி வரையானவை சிறியவை. கொப்பு வெட்டவும் மெல்லிய தடி அரியவும் அவை நல்லவை. 45 முதல் 60 சிசி வரை நடுத்தரம். அதற்கு மேல் தொழில்முறை மெசின்கள். எமது பகுதிகளில் மரவேலைக்காரர்களிடம் காணும் பழைய பெரிய ஸ்டில் 070 போன்றவை 100 சிசிக்கு மேற்பட்டவை. அவை பெரிய மரம் விழுத்துவதற்கும் பலகை அறுப்பதற்கும் உரியவை. வீட்டு விறகுக்கு அந்தப் பாரம் வேண்டாத சுமை.

விறகுக்கு 45 முதல் 55 சிசி போதும். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 250 மாதிரி 45.4 சிசி, எம்எஸ் 271 மாதிரி 50.2 சிசி. ஹஸ்க்வர்னா 450 உம் 50.2 சிசி. பாரும் செயினும் பூட்டாமல் இவற்றின் நிறை சுமார் நாலரை கிலோவில் இருந்து ஐந்தரை கிலோவுக்கு மேல் வரை வரும். பார், செயின், பெற்றோல், ஒயில் எல்லாம் சேர்ந்தால் 7 கிலோவை நெருங்கும். அந்த நிறையைக் குனிந்தபடி அரை மணித்தியாலம் தாங்க முடியுமா என்பதை வாங்குபவர் தன் உடலைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். களைத்த கையில் இருக்கும் 55 சிசி மெசினைவிடக் களைக்காத கையில் இருக்கும் 45 சிசி மெசின் பாதுகாப்பானது.

பாரின் நீளம்

செயின் ஓடும் இரும்புத் தகட்டைத்தான் பார் என்கிறோம். கடையில் பலரும் நீளமான பாரைக் கேட்கிறார்கள். விறகுக்கு 16 அல்லது 18 அங்குலம் போதும். 16 அங்குலம் என்பது சுமார் 40 சென்ரிமீற்றர்.

உங்கள் மரத்துக்கு எது பொருந்தும் என்று அறிய ஒரு கயிறு போதும். குற்றியைச் சுற்றிக் கயிற்றால் அளந்து, வரும் நீளத்தை 3 ஆல் வகுத்தால் ஏறத்தாழ விட்டம் கிடைக்கும். சுற்றளவு 36 அங்குலம் என்றால் விட்டம் 12 அங்குலம். விட்டத்தைவிட 2 அங்குலமாவது நீளமான பார் இருந்தால் ஒரே பக்கத்தில் நின்று அரிந்து முடிக்கலாம். அதைவிடப் பெரிய குற்றி எப்போதாவது வந்தால் இரு பக்கமும் மாறி மாறி அரியலாம்.

45 சிசி மெசினில் 20 அல்லது 22 அங்குலப் பார் பூட்டினால், பாலை போன்ற வைரமான மரத்தில் செயின் இழுபடாமல் திணறும், மெசின் சூடேறும். நீளமான பாரின் நுனி உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் மண்ணிலோ மற்றக் குற்றியிலோ முட்டும் ஆபத்தும் கூடுதல்.

எமது மரங்களின் குணம்

வேம்பு, பூவரசு, சீமைக்கிளுவை, இப்பில் இப்பில் போன்றவை நடுத்தர மெசினுக்கு இலகுவானவை. பாலை, முதிரை, புளி, விளா போன்றவை வைரம். இவற்றைப் பச்சையாக இருக்கும்போதே துண்டாக அரிந்து, பிறகு பிளந்து காயவிடுவதே நல்லது. நன்கு காய்ந்த பாலைக் குற்றி செயினின் பற்களை மிக விரைவாக மழுக்கிவிடும்.

பனையும் தென்னையும் தனிச் சாதி. வெளிப்புறம் வைரமாகவும் உள்ளே சோத்தியாகவும் இருக்கும். அவற்றின் நார் பாருக்கும் செயினுக்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். பனை, தென்னை போன்றவற்றின் உடலில் மணல் போன்ற சிலிக்காத் துகள்கள் இயல்பாகவே இருப்பதால் பற்கள் வேகமாக மழுங்கும். பனங்குற்றி அரிபவர்கள் அரத்தைப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் குற்றியை அப்படியே அரியாதீர்கள். பட்டையில் ஒட்டிய மண் ஒரு நிமிடத்தில் செயினை வீணாக்கும். குற்றியைப் புரட்டி, மண்ணைத் தட்டி, கீழே இரண்டு தடி வைத்துத் தூக்கிவிட்டு அரியுங்கள். புரட்டுவதற்கு முன் அது எந்த இடத்து மண் என்பதையும் யோசியுங்கள். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மரத்துக்குள் இரும்பு

வன்னியில் மரம் அரியும் எவருக்கும் இந்தச் சத்தம் தெரியும். செயின் திடீரென்று கிறீச்சிட்டு, தீப்பொறி பறக்கும். உள்ளே ஒரு எறிகணைச் சிதறல், ஒரு துப்பாக்கி ரவை, அல்லது எப்போதோ அடித்த ஆணி. ஒரு தடவை பட்டாலே பல பற்கள் போய்விடும். செயின் அறுந்து சுழன்று வரவும் கூடும்.

இந்த இரும்பைத் தேட மரம் வளரும் விதத்தைத் தெரிந்திருப்பது உதவும். மரம் உயர்வது நுனியில்தான். அடிமரம் மேலே நகர்வதில்லை, பருமன் மட்டுமே கூடும். ஆகவே 2009 இல் நெஞ்சளவு உயரத்தில் பட்ட துண்டு இன்றும் அதே நெஞ்சளவு உயரத்தில்தான் இருக்கும். வேம்பு, பாலை, முதிரை, மா போன்ற மரங்கள் ஆண்டுதோறும் வெளிப்பக்கமாகப் பருக்கின்றன. காயத்தின் மேல் புதிய மரமும் பட்டையும் மூடி வளர்ந்துவிடும். வெளியில் ஒரு வீக்கமோ, சுருங்கிய தழும்போ, பட்டை ஒரு மாதிரி மடிந்த அடையாளமோ மட்டும் மிஞ்சும். சில மரங்களில் அதுவும் தெரியாது.

பனையும் தென்னையும் அப்படி அல்ல. அவற்றுக்கு வெளிப்பக்கமாகப் பருக்கும் திசுப்படை இல்லை. பட்ட காயம் மூடுவதில்லை. அதனால்தான் போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பனைகளில் ஓட்டைகள் ஓட்டைகளாகவே தெரிகின்றன. பனையில் இரும்பு இருந்தால் அதன் வாசலையாவது நீங்கள் பார்க்கலாம். வேம்பில் இருந்தால் பார்க்க முடியாது. வேம்பு அரியும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

அரிவதற்கு முன் செய்யக்கூடியவை சில:

ஊரில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அந்த வளவில் முன்னரங்கு இருந்ததா, பங்கர் இருந்ததா, தறப்பாள் கட்டிய முகாம் இருந்ததா என்பது அவர்களுக்குத் தெரியும். முகாம் இருந்த இடத்து மரங்களில் ஆணியும் கம்பியும் இருக்கும்.

மரத்தைச் சுற்றி நடந்து, முழங்காலில் இருந்து தலைக்கு மேல் கை எட்டும் உயரம் வரை தடவிப் பாருங்கள். வீக்கம், தழும்பு, ஓட்டை உள்ள இடங்களைச் சுண்ணாம்பால் அடையாளமிடுங்கள். அந்த இடத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி அரியுங்கள்.

அரிந்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் நிறுத்துங்கள். மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேரும்போது அந்த நிறம் வரும். கறைக்கு அருகில் எங்கோ இரும்பு இருக்கிறது.

எல்லை வேலியில் நின்ற கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை எதுவானாலும் முள்ளுக்கம்பி உள்ளே போயிருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வேலி மரத்தின் அடிப்பகுதியைக் கோடாலிக்கு விட்டுவிடுவது நல்லது.

சிறிய கைக் காந்தம் மேற்பரப்பில் உள்ள இரும்பையே காட்டும். செம்பு, பித்தளை உறையுள்ள ரவையை அது காட்டாமலும் விடலாம். கூலிக்கு நிறைய மரம் அரிபவர் என்றால் ஆணி கண்டுபிடிக்கும் சிறிய கைக்கருவி ஒன்றில் பணம் போடுவது வீண் செலவல்ல.

சிதறல் துண்டு வேறு, வெடிக்காத பொருள் வேறு. கிளைக் கவட்டிலோ வேரடியிலோ கிடங்கிலோ முழு உருவமுள்ள ஏதாவது உலோகப் பொருளைக் கண்டால் தொடவேண்டாம், இழுக்கவேண்டாம், கோடாலியால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பி, இடத்தைத் தூரத்தில் அடையாளமிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ, அருகில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கோ அறிவியுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன் பிறகும் வடக்கில் துப்புரவுப் பணி தொடர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய நிறுவனங்கள் இதில் வேலை செய்திருக்கின்றன. துப்புரவு செய்து கையளிக்கப்படாத காணிக்குள் விறகுக்காகப் போகவே கூடாது. பட்ட மரம் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் சரி. உள்ளே என்ன உலோகம் என்று தெரியாத குற்றியை அடுப்பிலும் வைக்காதீர்கள். வெடிக்காத ரவை சூட்டில் வெடிக்கும்.

செயினைத் தெரிவு செய்தல்

மேலே சொன்ன காரணங்களால் எமது பகுதியில் மெசினைவிடச் செயின்தான் அடிக்கடி செலவு வைக்கும். செயினின் பற்களில் இரண்டு பொது வகை உண்டு. மூலை கூராகச் சதுரமாக இருப்பது ஒன்று, மூலை வளைந்திருப்பது மற்றது. சதுர மூலைப் பல் சுத்தமான மரத்தில் வேகமாக வெட்டும், ஆனால் மண்ணோ வைரமோ பட்டால் உடனே மழுங்கும். வளைந்த மூலைப் பல் கொஞ்சம் மெதுவாக வெட்டும், ஆனால் நீண்ட நேரம் தாங்கும், கையால் அரம் போடவும் இலகு. எமது விறகுக்கு வளைந்த மூலைப் பல்லையே கேட்டு வாங்குங்கள். முனையில் மிகக் கடினமான உலோகம் பதித்த செயின்களும் உண்டு. அவை விலை கூடியவை. சாதாரண அரத்தால் அவற்றைத் தீட்ட முடியாது.

புதுச் செயின் வாங்கும்போது மூன்று எண்கள் பொருந்தவேண்டும்: கண்ணிகளுக்கு இடையிலான அளவு, பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் தடிப்பு, அந்தப் பற்களின் எண்ணிக்கை. முதல் இரண்டும் பெரும்பாலும் பாரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய செயினைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நல்லது.

அரத்தின் பருமன் செயினுக்கு ஏற்ப மாறும். நடுத்தர மெசின்களில் அதிகம் காணப்படும் .325 அளவுச் செயினுக்கு 4.8 மில்லிமீற்றர் வட்ட அரம். சிறு மெசின்களில் வரும் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4 மில்லிமீற்றர். பிழையான பருமனில் அரம் போட்டால் பல்லின் வடிவமே கெட்டுவிடும். அரிதூள் சிறு துண்டுகளாக விழுந்தால் செயின் கூர். மா மாதிரிப் பொடியாக விழுந்தால் மழுங்கிவிட்டது. அமத்தி அரியாமல் நிறுத்தி அரம் போடுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுத்தால் வெட்டு நேராகப் போகும்.

ஆரம்பத்திலேயே இரண்டு செயின் வாங்கிவிடுங்கள். ஒன்று இரும்பில் பட்டால் மற்றதோடு அன்றைய வேலையை முடிக்கலாம்.

எந்தப் பெயர், எந்தக் கடை?

சந்தையில் மூன்று விதமான மெசின்கள் உண்டு: பெயர்பெற்ற நிறுவனங்களின் புதியவை, அவற்றின் பழையவை, மலிவான சீனத் தயாரிப்புகள். 52 சிசி, 58 சிசி என்று பெட்டியில் எழுதி வரும் மலிவு மெசின்கள் எல்லாம் கூடாதவை என்று சொல்ல முடியாது. ஆண்டில் சில நாள் மட்டும் அரிபவருக்கு அவை போதுமாக இருக்கலாம். ஆனால் பெட்டியில் உள்ள எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள். செயின் பிரேக் வேலை செய்கிறதா, ஒயில் பாருக்கு வருகிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள். பெயர்பெற்ற மெசின்களின் நிறத்திலும் எழுத்திலும் போலிகளும் வருகின்றன. தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டும் இல்லாத மெசினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சட்டச் சிக்கலிலும் அந்தப் பற்றுச்சீட்டுத்தான் உங்களைக் காக்கும்.

மெசினைத் தெரிவு செய்ய முன் திருத்துபவரைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் இருந்து பஸ்ஸில் போய்வரக் கூடிய தூரத்தில் எந்த மெசினைத் திருத்துகிறார்கள், எதற்குப் பிளக், காற்று வடிகட்டி, இழுகயிறு, பார் எல்லாம் கிடைக்கின்றன என்று கேளுங்கள். கொழும்பில் மட்டும் உதிரிப்பாகம் கிடைக்கும் நல்ல மெசினைவிட, உங்கள் சந்தியில் உதிரிப்பாகம் கிடைக்கும் சாதாரண மெசின் மேல்.

பழைய மெசின் என்றால் அது குளிர்ந்திருக்கும்போது நீங்களே இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் கோளாறு மறைந்துவிடும். இழுக்கும்போது கையில் நல்ல எதிர்ப்புத் தெரியவேண்டும். வேகம் குறைந்து சும்மா ஓடும்போது செயின் சுழலக் கூடாது.

மின்சார வாளும் வெளிநாட்டில் இருந்து வருவதும்

முற்றத்தில் கொண்டுவந்து போட்ட குற்றியை அரிய மட்டும் என்றால் வயரில் ஓடும் மின்சார வாளையும் யோசிக்கலாம். 2000 வாட் அளவில் 14 அல்லது 16 அங்குலப் பாரோடு கிடைக்கும். பெற்றோல் கலக்கத் தேவையில்லை, இழுகயிறு இல்லை, நிறை குறைவு. கைவலு குறைந்தவர்களுக்கு இது வசதி. தடித்த வயரும் மின்கசிவைத் துண்டிக்கும் ஆளியும் கட்டாயம். மழை ஈரத்தில் பாவிக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருந்து உறவினர்கள் அனுப்ப நினைத்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, எமது 230 வோல்ற்று. அங்கு வாங்கிய மின்சார வாளை இங்கே நேராகச் செருகினால் எரிந்துவிடும். பற்றரியில் ஓடுவது என்றாலும் அதன் சார்ஜருக்கு இதே பிரச்சினை உண்டு. ஐரோப்பாவில் வாங்கியவை மின்சாரத்தால் பொருந்தும், ஆனால் பற்றரி பழுதானால் மாற்று இங்கே கிடைக்குமா என்று பாருங்கள். பெற்றோல் மெசின் என்றால், பொதியில் போட முன் இறக்குமதி அனுமதி பற்றிச் சுங்கத்திடம் கேட்டுத் தெளியுங்கள். அனுப்பியபின் கேட்டால் துறைமுகத்தில் கிடக்கும். பல வேளைகளில் மெசினுக்குப் பதில் இரண்டு நல்ல செயினும் ஒரு தொடைக் காப்பும் தலைக்கவசமும் அனுப்பச் சொல்வதே மேல்.

பெற்றோலும் ஒயிலும்

இந்த மெசின்களில் ஒயில் கலந்த பெற்றோல்தான் ஓடும். நல்ல இருதடவை இயந்திர ஒயில் என்றால் பெயர்பெற்ற மெசின்களுக்குப் பெரும்பாலும் 50 க்கு 1: ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர். மலிவு மெசின்கள் பலவற்றுக்கு 25 க்கு 1: ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். உங்கள் மெசினின் புத்தகத்தில் உள்ளதையே பின்பற்றுங்கள். கண்ணளவில் ஊற்றவேண்டாம். மருந்துக்கடையில் வாங்கும் ஊசிக் குழாயே போதுமான அளவுகோல். ஒயில் இல்லாத பெற்றோல் சில நிமிடங்களில் இயந்திரத்தைக் கொன்றுவிடும். ஒரு மாதத்துக்கு மேல் மெசினை வைப்பதானால் தாங்கியை வெறுமையாக்கி, மெசின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள்.

செயினுக்கும் பாருக்கும் தனி ஒயில் தாங்கி உண்டு. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அதையும் நிரப்புங்கள். மோட்டார் சைக்கிளில் வடித்த கருப்பு ஒயிலை அதில் ஊற்றுவது எங்கும் நடக்கிறது. அதில் உள்ள இரும்புத் துகள் பாரையும் பம்பையும் தேய்க்கும். அதை உடலிலும் மூச்சிலும் வாங்குவதும் நல்லதல்ல.

உடல்தான் முதல்

போர் ஏற்கெனவே எடுத்த கையும் காலும் போதும். சாரத்தை மடித்துக் கட்டி, செருப்போடு செயின்சோ பிடிப்பவர்களை இன்றும் காண்கிறோம். குறைந்தபட்சம் தடித்த நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பான். செயின்சோவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். எறிகணைச் சத்தத்தில் ஏற்கெனவே காது பாதிக்கப்பட்டவர்கள் காதடைப்பான் இல்லாமல் தொடவே கூடாது. தொடைக் காப்பு அங்கியில் உள்ள நார் செயினில் சிக்கி அதை நிறுத்திவிடும். விலை கூடினாலும், முடிந்தால் மெசினோடு சேர்த்து வாங்குங்கள்.

அதிகம் காயப்படுத்துவது பாரின் நுனி. நுனியின் மேற்பாதி எதிலாவது முட்டினால் மெசின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். செயின் பிரேக் இருப்பது அதற்காகத்தான். தினமும் வேலை தொடங்க முன் அதைத் தள்ளிப் பாருங்கள். இடது கை முன்பிடியில், பெருவிரல் பிடியைச் சுற்றி. வலது கை பின்பிடியில். தோளுக்கு மேல் தூக்கி அரியாதீர்கள், ஏணியில் நின்று அரியாதீர்கள், தனியாக வேலை செய்யாதீர்கள்.

எல்லாச் செயின்சோக்களும் இரண்டு கையால் பிடிக்கவே செய்யப்பட்டவை. ஒரு கை இல்லாதவர்கள், முன்பிடியைச் சுற்றிப் பெருவிரலால் இறுக்கிப் பிடிக்க முடியாதவர்கள், சிதறல் பட்டுக் கைநரம்பு பாதித்தவர்கள் இதைப் பிடிக்காமல் இருப்பதே நல்லது. பொய்க்கால் பாவிப்பவர்கள் சமதரையில், மரத்தூக்கியில் வைத்த குற்றியை அரியலாம். சரிவிலும் விழுந்த மரத்தின் கிளைகளுக்கு இடையிலும் அரிவது வேண்டாம். வலுவுள்ளவர் அரிய, மற்றவர் அளந்து கொடுத்து அடுக்குவதும் ஒரு பங்கு வேலைதான்.

சட்டம்

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரங்களை வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. வேறு மரங்களுக்கும், வெட்டிய மரத்தை வீதியால் கொண்டுபோவதற்கும் உங்கள் பிரதேசத்தில் என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முதலிலேயே கேளுங்கள். அனுமதியைக் கடதாசியில் வாங்குங்கள். வாய்ச்சொல் சோதனைச் சாவடியில் உதவாது.

2019 இல் நாடு முழுவதும் செயின்சோக்களைப் பதிவு செய்யுமாறு அரசு அறிவித்தது. வாங்க முன் இப்போதைய பதிவு நடைமுறையைப் பொலிஸ் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய மெசின் என்றால் பதிவு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. போருக்குப் பின் மக்கள் முன்பு வாழ்ந்த, பயிர் செய்த காணிகள் பலவற்றில் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டியது. உங்கள் பார்வையில் அது அப்பாவின் காணி. திணைக்களத்தின் வரைபடத்தில் அது காடு. அந்தப் பிணக்கு தீராத காணியில் செயின்சோவோடு நின்றால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். வனச் சட்டத்தின் கீழ் மெசினையும் ஏற்றிய வாகனத்தையும் பறிமுதல் செய்ய முடியும். காணி உரிமைக்கான வாதத்தை ஆவணங்களோடு நடத்துங்கள். அதற்குள் மெசினைக் கொண்டுபோய் எதிர்த்தரப்புக்கு ஒரு வழக்கைக் கையில் கொடுக்காதீர்கள்.

கடைக்குப் போகமுன்

இவ்வளவையும் சுருக்கினால்: 45 முதல் 55 சிசி. 16 அல்லது 18 அங்குலப் பார். வளைந்த மூலைப் பல்லுள்ள செயின் இரண்டு. சரியான பருமனில் அரம் ஒன்று. வேலை செய்யும் செயின் பிரேக். பஸ் தூரத்துக்குள் உதிரிப்பாகமும் திருத்துபவரும். தொடர் இலக்கத்தோடு பற்றுச்சீட்டு. மூடிய சப்பாத்து, கண்ணாடி, காதடைப்பான். கையில் உள்ள பணம் இவை அனைத்துக்கும் போதாவிட்டால் மெசினின் விலையில் இறங்குங்கள், பாதுகாப்புப் பொருட்களில் இறங்காதீர்கள். அதற்கும் போதாவிட்டால் இந்த ஆண்டு கூலிக்கு அரிவியுங்கள்.

கூலிக்கு அரிய வருபவரிடம் உங்கள் மரத்தின் கதையையும் சொல்லுங்கள். எந்த ஆண்டு எந்தப் பக்கத்தில் இருந்து எறிகணை வந்தது, எந்த மரத்தில் தறப்பாள் கட்டியிருந்தீர்கள், எந்த மூலையில் பங்கர் இருந்தது என்று. வெளியூரில் இருந்து வரும் பொடியனுக்கு அது தெரியாது. அவன் குனிந்து செயினை வைக்கப்போகும் இடத்தில் என்ன இருக்கலாம் என்று தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான்.